கடை போடட்டும், விடுங்கள்

கல்லூரியில் வியாபாரம் பழகினால் படிப்பு கெடும், தொழில்முனைவோர் மன்றங்களை மூடிவிடலாம், வியாபாரத்தைப் பட்டம் வாங்கியபின் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் ஒரு நண்பர். அப்போது தோற்றால் போவது அம்மாவின் நகை. அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் குழுவாகத் தொழில் நடத்தக் கல்லூரியே கடன் கொடுத்திருக்கிறது. கடனை அடைப்பதும் பாடம்தான்.

நம் கல்லூரி விழாவில் சர்பத் விற்கும் பையனைப் பாருங்கள். எலுமிச்சைக்கும் சர்க்கரைக்கும் கணக்குப் போட்டிருப்பான். ஐஸுக்கும் பேப்பர் கப்புக்கும் போட்டிருக்க மாட்டான். கூட்டாளிகள் கடன் சொல்லிக் குடித்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் கல்லாவை எண்ணும்போதுதான் அடக்கவிலை உறைக்கும். (அடக்கவிலைக் கேள்விக்குத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவன்தான்!)

பொன்னாடை போர்த்தி, விருந்தினரைப் பேசவிட்டு, குரூப் போட்டோவோடு கலையும் தொழில்முனைவோர் மன்றங்களை மூடச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். கடை போடும் மன்றத்தையும் சேர்த்து ஏன் மூட வேண்டும்?