சிக்னல் கணக்கும் கார்க் கணக்கும்
அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய சர்ட்ராக் என்னும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள், 2012ஆம் ஆண்டில் ஈஸ்ட் லிபர்ட்டி பகுதியின் 9 சந்திப்புகளில் சோதிக்கப்பட்டபோது, பயண நேரம் ஏறத்தாழ 25 விழுக்காடும், வாகனங்கள் நின்று காத்திருக்கும் நேரம் ஏறத்தாழ 40 விழுக்காடும் குறைந்தன. வழக்கமான சிக்னல்கள் முன்கூட்டியே வகுத்த கால அட்டவணைப்படி பச்சையும் சிவப்பும் காட்ட, சர்ட்ராக் முறையில் ஒவ்வொரு சந்திப்பும் தன்னை நெருங்கும் வாகனங்களை உணர்கருவிகளால் கண்டறிந்து, தனக்கான திட்டத்தை நொடிக்கு நொடி தானே வகுத்து, அதை அண்டைச் சந்திப்புகளுக்கும் அறிவிக்கிறது. மைய ஆணைக்குக் காத்திராத இவ்வமைப்பைப் பரவலாக்கப்பட்ட கட்டுப்பாடு என்பர். (அதிகாரப் பரவலாக்கம் நகராட்சிகளைவிடச் சிக்னல்களுக்கு எளிதில் வாய்த்துவிட்டது போலும்.) ஆயினும், காத்திருப்பு குறைந்த சாலை, அதுவரை ஒதுங்கியிருந்த வாகனங்களையும் தன்பால் ஈர்த்துக்கொள்ளும் என்பதைப் போக்குவரத்து ஆய்வாளர்கள் 'தூண்டப்பட்ட தேவை' என்னும் பெயரால் நெடுங்காலமாகச் சுட்டிவருகின்றனர்; மென்பொருள் எத்துணைக் கூர்மையாகக் கணித்தாலும், நகருக்குள் நுழையும் கார்களின் எண்ணிக்கை அதன் கட்டுப்பாட்டில் இல்லை. அவ்வெண்ணிக்கையில் கைவைக்கத் துணிந்த சிங்கப்பூர் 1975இலும் லண்டன் 2003இலும் நகர மையத்துக்குள் நுழையும் வாகனங்களுக்குக் கட்டணம் விதித்தன. லண்டனில் அக்கட்டணத்தின் நிகர வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டமும் வகை செய்தது. வாக்காளரின் சினத்துக்கு அஞ்சிக் கட்டண விவாதத்தை ஒதுக்கிவிட்டு, சிக்னல் மென்பொருளை மட்டும் வாங்கிப் பொருத்தும் நகர நிர்வாகங்கள், பணியின் எளிய பாதியை மட்டுமே செய்கின்றன.