காணியும் கணக்கும்

பொத்துவில் உழவருக்குக் காணி என்றால் நிலம். பழந்தமிழ்க் கணக்கிலோ காணி என்பது 80இல் ஒரு பங்கு; மா என்பது 20இல் ஒரு பங்கு. இரண்டும் கூடினால் மாகாணி. அது 16இல் ஒன்று. பெயரே கூட்டலைச் சொல்லும் கணக்கு இது.

கணக்குச் சொற்கள் எல்லைக்குள் அடங்குவதில்லை. நம் கீழ்க்கரையில் பணத்தைக் குறிக்கும் ‘சல்லி’ சிங்களத்திலும் அப்பொருளிலேயே வழங்குகிறது. ‘காசு’ போர்த்துக்கேயர் வாய்வழிச் சென்று, ஆசியச் சிறு நாணயங்களுக்கு ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்னும் பெயராயிற்று. சொற்களைக் கொண்டவர்க்கு இழுக்கில்லை. கொடுத்த நமக்கும் இழப்பில்லை.

1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அச்சட்டம் ஏட்டில் உறங்கலாகாது. காணி பற்றிய கடிதம் ஒவ்வொன்றும் உழவன் கையில் தமிழில் வந்து சேர வேண்டும். எழுதியதைப் படிக்க இயலாதவன் தன் எல்லையை எங்ஙனம் காப்பான்? இவ்வுரிமையை நாம் சலுகையாகக் கேளோம்.