பவரை எடுத்தால் ரயில் நின்றுவிடுமா?

பேரனுக்கு மாடல் ரயில் வாங்கித் தரும் தாத்தாக்கள் நம் வட்டத்தில் நாலைந்து பேராவது தேறுவார்கள். விலை ஆயிரக்கணக்கில். ஹாரன் சத்தம், விளக்கு எல்லாம் அசல் மாதிரியே. ஆனால் பவர் இல்லாமல் உருண்டு போகிற அழகு மட்டும் அதில் கிடையாது. எனக்கு அதுதான் குறை.

மின்சார என்ஜின் ஓட்டியவர்களுக்கு நியூட்ரல் செக்‌ஷன் தெரியும். மேலே கம்பியில் 25,000 வோல்ட். ஆனால் ஒரு சப்-ஸ்டேஷன் எல்லை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கொஞ்ச தூரம் கம்பியில் மின்சாரமே இருக்காது. அதற்கு முன்பே 'டி.ஜே.' என்கிற மெயின் ஸ்விட்சைத் திறந்துவிட வேண்டும். ரயில் தன் பாட்டுக்கு உருண்டு அதைக் கடந்துவிடும். பெர்த்தில் தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. இதுதான் கோஸ்டிங்.

மாடல் என்ஜினில் கரண்டை எடுத்தால் முட்டிக்கொண்டது போல நிற்கும். 'எடை இல்லையே சார்' என்பார்கள். அது சரியில்லை. 112.8 டன் டபிள்யூ.டி.எம்.2 டீசல் என்ஜினை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால், எடை கன அளவில் குறைந்து சுமார் 171 கிராம் வரும். கடையில் விற்கும் மாடல்கள் பெரும்பாலும் அதைவிடக் கனம்தான். பிரச்சினை வேகத்தில் இருக்கிறது. உருளும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உராய்வு அசல் போலவே இருந்தாலும், அசல் ரயில் 8.7 கிலோமீட்டர் உருண்டால், அளவுப்படி 100 மீட்டர் போக வேண்டிய மாடல் ஒரு மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும்.

அந்த ஒரு மீட்டரும் கிடைப்பதில்லை. மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் வார்ம் கியர், மோட்டார் சுற்றினால் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் தள்ளினால் மோட்டாரைச் சுற்ற விடாது. கிதாரில் தந்தியை முறுக்கும் சாவியும் இதே ஜாதிதான், தந்தி இழுத்தாலும் திரும்பாது. அதனால்தான் நல்ல மாடல்களில் மோட்டார் தண்டிலேயே ஒரு பித்தளை ஃப்ளைவீல் வைக்கிறார்கள். ரைஸ்மில் என்ஜினில் பார்த்திருப்பீர்களே, அதன் குட்டி. தண்டவாளத்தில் தூசி இருந்து ஒரு கணம் கரண்ட் போனாலும் அது இழுத்துக்கொண்டு போய்விடும். வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது ஃப்ளைவீல் இருக்கிறதா என்றுதான். ஹாரன் சத்தம் அப்புறம்.

இப்போது டிகோடர் என்று ஒரு சில்லு உள்ளே வருகிறது. மோட்டாருக்குக் கரண்டை விநாடிக்குப் பல ஆயிரம் முறை விட்டு விட்டுக் கொடுக்கும். இடையில் நிறுத்தி, சுற்றும் மோட்டார் தானே உண்டாக்கும் வோல்டேஜை அளந்து வேகத்தைத் தெரிந்துகொள்ளும். பேக் ஈ.எம்.எஃப். என்று பெயர். ஊர்ந்து போவதற்கு அற்புதமான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் ஏற்றத்தில் திணறல் இல்லை, இறக்கத்தில் வேகம் கூடுவதும் இல்லை. இப்படியும் ஒரு ரயிலா!

அடிப்படைக் கோளாறு குமிழில் இருக்கிறது. அசல் என்ஜினில் டிரைவர் கையில் இருப்பது இழுவை. வேகம் அதன் விளைவு. மாடலில் குமிழைத் திருப்பினால் நேரே வேகத்துக்கே கட்டளை. பவரைக் குறைத்துவிட்டு அதே வேகத்தில் உருள்வது என்ற எண்ணமே அதில் வராது. ஈ.எஸ்.யூ. கம்பெனி டிகோடர்களில் 'டிரைவ் ஹோல்ட்' என்று ஒரு வசதி உண்டு. வேகம் அப்படியே நிற்கும், என்ஜின் சத்தம் மட்டும் குறையும். பாசாங்குதான், ஆனாலும் ரயிலைப் புரிந்துகொண்ட பாசாங்கு. அதைப் பட்டனில் ஒளிக்காமல், பவருக்கு ஒரு கைப்பிடி, பிரேக்குக்கு ஒரு கைப்பிடி என்று எல்லோரும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதுவரை ஒரு வழி: டிகோடரில் சி.வி. 4 என்ற எண்ணை 40 ஆக்குங்கள். முழு வேகத்திலிருந்து நிற்க சுமார் 36 விநாடி ஆகும். 'தாத்தா, நிக்கவே மாட்டேங்குது' என்று பேரன் கத்துவான். டிகோடரில் பிரேக் வசதி இருந்தால் அந்தப் பட்டனைக் காட்டிக் கொடுத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு நேராக நிறுத்தச் சொல்லுங்கள்.