வீடு எழுந்தது, ஊர் எழுந்ததா?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணியளவில் சுமத்திரா தீவின் அருகே கடலடியில் 9.1 அளவில் நிலம் நடுங்கிற்று. சுமார் இரண்டு மணி நேரத்தில் அந்நடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைந்தது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் உயிரிழந்தவர்கள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும், குமரி மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களின் மக்களும் அலைக்கு இரையாயினர். இலங்கைத் தீவு எதிரே அரணாய் நின்றமையால் நமது முத்துக்குளித்துறை அப்பேரழிவுக்குத் தப்பியது.

தப்பியதற்கு நன்றி கூறிவிட்டு நாம் அமைந்துவிடலாகாது. அண்டையில் அழிந்த ஊர்கள் எவ்வாறு மீண்டும் கட்டப்பட்டன என்று ஆராய்வது நமது கடமை. அன்று அவர்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை நாளை நம் கரைக்கும் விதிக்கப்படலாம் அன்றோ? இருபது ஆண்டுகள் கடந்த பின்னர் நாம் உறுதியாகக் கூறுவது இதுதான்: வீடுகள் எழுந்தன, ஊர் எழவில்லை. கரை யாருடையது என்னும் வினாவுக்கு விடை கூறாது எழுப்பப்படும் மறுவாழ்வு, மணலின் மேல் கட்டிய வீடே.

2005 மார்ச் 30ஆம் நாளிட்ட வருவாய்த்துறை அரசாணை எண் 172ஐ எண்ணிப் பாருங்கள். உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தவர், அவ்வெல்லைக்கு அப்பால் குடிபெயர இசைந்தால் அவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் புது வீடு. பழைய மனையோ அரசைச் சேரும். குடிபெயர மறுத்தால் வீட்டுக்கான உதவி இல்லை. புது வீட்டின் உரிமையை மனைவி, கணவன் இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்றது அத்திட்டம், அது பாராட்டுக்குரியது. ஆனால் பிணங்களை அடக்கம் செய்துவிட்டுத் தார்ப்பாய்க் கொட்டகையில் அமர்ந்திருப்பவனிடம் கூரையைக் காட்டி மண்ணைக் கேட்பதற்கு "விருப்பம்" என்று பெயரிட்டதை நாம் ஏற்க இயலாது. பசித்தவன் முன் சோற்றை வைத்துக் கையெழுத்துக் கேட்பது கொடையன்று, வாணிகம்.

"கடலோரம் ஆபத்தானது, மக்களின் உயிரைக் காப்பது அரசின் கடன் அல்லவா?" என்று நல்லெண்ணத்தோடு வினவுவோர் நம்மிடையே உண்டு. உயிர்காப்பதற்குச் செய்யத்தக்கவை பல உள்ளன. முன்னெச்சரிக்கை மையம் வேண்டும். அது 2007இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்டது. அதன் செய்தி கடைசித் தெருவரை சென்றடையும் ஏற்பாடு வேண்டும். ஓடித் தப்ப அகன்ற பாதையும், ஏறி ஒதுங்க உயர்ந்த கட்டடமும், அலையின் வேகத்தைத் தணிக்கும் மணல்மேடுகளும் வேண்டும். இவற்றோடு மீனவன் கரையிலேயே வாழ முடியும். கரையை விட்டகன்றால் அவன் தொழில் செய்ய முடியாது. காற்றின் திசையையும், நீரின் நிறத்தையும், நீரோட்டத்தையும் வாசலில் நின்றே அளந்து தொழிலுக்குப் போகிறவன் அவன். படகும் வலையும் கண்ணெதிரே இருக்க வேண்டும். கரையேறும் மீனை ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமக்கும் பெண்ணுக்கும் அந்தத் தூரமே முதல் நட்டம்.

ஆபத்து என்னும் அளவுகோலாவது அனைவருக்கும் ஒன்றாக இருந்ததா? 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டுமானத் தடை எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. சுற்றுலாவுக்கான தற்காலிக அமைப்புகளைக் கடற்கரையிலேயே அனுமதித்தது. 2005இல் 199ஆம் மீட்டர் மீனவனுக்கு ஆபத்தாயிருந்தது. பதினான்கு ஆண்டுகளில் 51ஆம் மீட்டர் பாதுகாப்பானதாகிவிட்டது! கடல் இடையில் சாந்தமாகிவிட்டதா? இத்தளர்வு மீனவருக்கும் பயன் தரும் என்பர் சிலர். பயன் பெற அங்கே மனை இருக்க வேண்டுமே! மனையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு எந்த அறிவிக்கை அதைத் திருப்பித் தரும்?

மறுகட்டுமானத்தில் விடுபட்டவர்களையும் நினைத்துப் பார்ப்போம். இழப்புப் பட்டியலில் படகுக்கு இடம் இருந்தது. மீன்காரப் பெண்ணின் கூடைக்கும் அவளது கைமுதலுக்கும் எளிதில் இடம் கிடைக்கவில்லை. வாடகை வீட்டில் குடியிருந்தோர், உப்பளத்திலும் வயலிலும் கூலி செய்தோர், கழிமுகங்களில் மீன் பிடித்த இருளர், தலித் மக்கள் ஆகியோர் நிவாரண முகாம்களிலேயே ஒதுக்கப்பட்டதை அந்நாளைய ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஒரே அலையில் மூழ்கியவர்களைச் சாதி பார்த்துக் கரையேற்றிய சமூகம், கற்சுவர் எழுப்பியதால் மட்டும் புதுச் சமூகம் ஆகிவிடுமோ?

வேறு வழி இருந்தது. 1993 செப்டம்பர் 30இல் மராட்டியத்தின் இலாத்தூர்ப் பகுதியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, மிகுதியாகச் சிதைந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன. அங்கே ஒப்பந்தக்காரர்களும் கொடையாளர்களும் வீடு கட்டிக் கொடுத்தனர். உழவனின் தொழுவமும் முற்றமும் அறியாத அந்த வரிசை வீடுகள் பலருக்குப் பொருந்தவில்லை. 2001 ஜனவரி 26இல் குசராத்தின் கச்சுப் பகுதி குலுங்கியபோது, ஊரை மாற்றும் திட்டத்தை மக்கள் ஏற்க மறுத்தனர். அரசு பணத்தைத் தவணைகளாகக் கொடுத்தது. நடுக்கத்தைத் தாங்கும் முறையைப் பொறியாளர் கற்றுக் கொடுத்தனர். ஏறத்தாழ இரண்டு லட்சம் வீடுகள் எழுந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பழைய மண்ணிலேயே வீட்டுக்காரரே கட்டிக் கொண்டனர். நமது கரையில் அலை எழுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இப்பாடம் நம் நாட்டில் எழுதப்பட்டிருந்தது. அதைப் படிக்காமல் பெயர்ப்பலகைகளோடு விரைந்து வந்த கொடையாளர்கள் பலர். அவர்கள் வீடு கட்டுவதற்காகப் பல ஊர்களில் நிழல் தந்த மரங்கள் வெட்டப்பட்டன. மணல்மேடுகள் சமன் செய்யப்பட்டன.

விவிலியம் அறிந்த நமக்கு இன்னும் பழைய பாடம் ஒன்று உண்டு. இடிந்த எருசலேமின் மதிலை நெகேமியா எவ்வாறு கட்டினார்? பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைத் தாமே கட்டினர். மதில் எழுந்து கொண்டிருந்தபோதே ஏழைகளின் கூக்குரலும் எழுந்தது: வயலும் வீடும் அடகில், பிள்ளைகள் அடிமைத்தனத்தில். மதில் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று நெகேமியா கூறவில்லை. பெரியோரைக் கூட்டி, வயலையும் வீட்டையும் உரியவரிடம் திருப்பித் தரச் செய்தார். மதிலும் நீதியும் ஒருசேர எழுந்தாலன்றி நகர் எழாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இனி நம் கரைக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மதுரை நாயக்கர் ஆட்சியின் நெருக்கடி தாளாது தூத்துக்குடி மக்கள் எதிரேயுள்ள தீவில் குடியேறினர். சில ஆண்டுகளில் மீண்டும் கரைக்கே வந்தனர். திரும்பி வருவதற்கு அவர்களுக்குக் கரை இருந்தது. இன்று நிலை வேறு. 1974இல் பெருந்துறைமுகம் ஆன நம் துறைமுகம் விரிந்துகொண்டே இருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வலை உலர்ந்த மணலோ வருவாய்த்துறையின் ஏட்டில் பல இடங்களில் இன்றும் புறம்போக்கு. கடலுக்குள்ளும் இதே கதைதான். சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளப்பாறைகள் வெட்டப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் விலங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு நீரில் மூழ்கின. தேய்ந்துவந்த வான் தீவைக் காக்க 2015 முதல் செயற்கைப் பவளத்திட்டுகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. இயற்கை தந்த அரணை இழந்த கரை, தன் மக்களையும் இழந்தால் அதைக் காப்பவர் யார்?

நாம் வளர்ச்சிக்கு எதிரிகள் அல்லர். துறைமுகத்தின் சோற்றை உண்டு வளர்ந்த குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. ஆயினும் வளர்ச்சிக்குக் கரையில் இடம் உண்டு, மீனவனுக்கு இல்லை என்னும் நியாயத்தை நாம் ஒப்பமாட்டோம்.

ஆகவே பேரிடர் வருமுன்னரே செய்யத்தக்கவற்றைச் செய்வோம். ஒவ்வொரு கடற்புற ஊரிலும் குடியிருப்பு, வலை உலர்த்தும் களம், படகு ஏற்றும் துறை, கல்லறைத் தோட்டம் ஆகியவற்றை ஊராரே அளந்து வரைபடமாக்கட்டும். அவ்வுரிமையை அரசின் கடற்கரை மேலாண்மைத் திட்டத்தில் பதியுமாறு கிராமசபையில் தீர்மானம் இயற்றட்டும். அந்த வரைபடத்தில் கூடை சுமக்கும் பெண்ணின் இடமும், வாடகைக் குடியினரின் பெயரும், கடற்புறத்தில் வாழும் பிற சாதியினரின் தெருவும் விடுபடலாகாது. பங்குப் பேரவைகள் திருவிழாச் செலவுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மாலையேனும் இதற்கு ஒதுக்கட்டும். ஆயர் அறிக்கை விடட்டும், குருக்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று பொதுநிலையினர் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டா கேட்பதும், திட்ட வரைவைப் படித்து மறுப்பு எழுதுவதும், மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேசுவதும் நமது பணி.

அடுத்த அலை எப்போது வரும் என்று எவரும் அறியார். அது வந்து போன மறுவாரம், ஒரு கையில் கூரையும் மறு கையில் பத்திரமுமாக அதிகாரிகள் வருவர் என்பதை மட்டும் 2005ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்திருக்கிறது. அன்று அவர்கள் முன் விரித்துக் காட்ட நமது வரைபடம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.