கச்சேரிக் காகிதம் யாருடைய சொத்து?

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் நமது தோழர்களை எங்கே சந்தித்தாலும் ஒரு குறையைக் கேட்காமல் நாம் திரும்புவதில்லை. கச்சேரிக்குப் பத்துத் தடவை நடந்தாயிற்று, “அது ஆபீஸ் ரிக்கார்டு, உனக்குக் காட்டக்கூடாது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், என்ன செய்வது என்பதுதான் அக்குறை. இதைச் சொல்லுகிறவர்களில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் உண்டு. பட்டம் பெற்றவர்களும் உண்டு. ஆனால் இரு சாராரும் ஒரு விஷயத்தில் மாத்திரம் ஒரே அபிப்பிராயமாய் இருக்கிறார்கள். அதாவது, கச்சேரிக் காகிதம் கச்சேரிக்காரருடைய சொந்தச் சொத்து என்றும், அதை அவர் காட்டினால் அது அவருடைய தயவு என்றும் இருவருமே எண்ணுகிறார்கள். இந்த எண்ணம் ஒழிகிறவரை எத்தனை சட்டங்கள் வந்தாலும் கடுகளவு பயனும் ஏற்படப் போவதில்லை என்பது நமது உறுதி.

அந்தக் காகிதம் யார் பணத்தில் வாங்கியது? அதில் எழுதுகிற குமாஸ்தாவுக்கும் கையெழுத்துப் போடுகிற அதிகாரிக்கும் சம்பளம் எங்கிருந்து வருகிறது? தீப்பெட்டியும் சோப்பும் வாங்குகிற கூலியாள்கூட வரி கொடுத்துத்தானே வாங்குகிறான்? ஒரு பண்ணையின் கணக்குப்பிள்ளை, தன் எஜமானன் கணக்கைக் கேட்டால், “புஸ்தகத்தைக் காட்ட முடியாது, மனுப் போட்டுவிட்டுப் போ” என்று சொல்வானானால் அவனை யாராவது ஒரு நாள் வேலையில் வைத்திருப்பார்களா? அப்படியிருக்க, சர்க்கார் கணக்குப்பிள்ளை மாத்திரம் எஜமானனாகவும், எஜமானன் பிச்சைக்காரனாகவும் ஆனதெப்படி?

வெள்ளைக்காரன் 1923ம் வருஷத்தில் சர்க்கார் இரகசியச் சட்டம் செய்தான். ஒரு கைப்பிடி அன்னியர் கோடிக்கணக்கான ஜனங்களை ஆளுவதற்கு இரகசியம் தேவையாயிருந்தது, அதில் ஆச்சரியமில்லை. ஆனால் 1947ல் அவன் போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. ஸ்வீடன் தேசத்தில் சர்க்கார் தஸ்தாவேஜுகளைப் பொது ஜனங்கள் பார்க்கலாமென்று 1766லேயே சட்டம் செய்துவிட்டார்கள். நம் நாட்டிலோ, ராஜஸ்தானத்துக் கூலியாட்கள் தங்கள் பெயரால் எழுதின கூலிக் கணக்கைக் காட்டச் சொல்லி 1996ல் பியாவர் பட்டணத்தில் நாற்பது நாள் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. 1997ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. மாகாணங்களில் இதுவே முதலாவது. ஆனால் அதில் விலக்குகள் ஏராளம். மறுத்த அதிகாரிக்குத் தண்டனையோ இல்லை. கடைசியாக இந்தியா முழுவதற்குமான தகவல் உரிமைச் சட்டம் 2005ம் வருஷம் அக்டோபர் மாதம் 12ந் தேதி அமுலுக்கு வந்தது.

இச்சட்டத்தைப்பற்றிப் பேசுகிறவர்கள் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுவதும், முப்பது நாளில் பதில் வாங்குவதும்தான் சட்டம் என்று நினைக்கிறார்கள். நாம் சொல்லுவதென்னவென்றால், அது இரண்டாவது வாசல். முதல் வாசல் 4வது பிரிவு. யாரும் கேளாமலே ஒவ்வொரு ஆபீசும் பதினேழு விஷயங்களைச் சட்டம் நிறைவேறிய 120 நாளைக்குள் தானாகவே வெளியிட வேண்டும் என்று அப்பிரிவு கட்டளையிடுகிறது. எந்த அதிகாரிக்கு என்ன அதிகாரம், அவர் சம்பளம் என்ன, எந்தக் காரியத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்கிச் செலவாயிற்று, உதவித் தொகை யாருக்குப் போயிற்று, பர்மிட்டும் சலுகையும் யார் பெற்றார்கள் என்பவையெல்லாம் அதில் அடக்கம். ஜனங்கள் மனுப்போட வேண்டிய அவசியமே கூடியவரை இல்லாமற் செய்வதுதான் இதன் நோக்கமென்றும் அப்பிரிவே கூறுகிறது.

“எல்லாம் இன்டர்நெட்டில் போட்டாயிற்று” என்று சில அதிகாரிகள் சொல்லக்கூடும். அது போதாது. அறிவிப்புப் பலகை, பத்திரிகை, பொது அறிவிப்பு, ஆபீசிலேயே பார்வையிடுதல் ஆகிய வழிகளையும் சட்டம் சொல்லியிருக்கிறது. அவ்விடத்துப் பாஷையையும் கவனிக்கச் சொல்லியிருக்கிறது. செந்துறைப் பக்கத்துக் கிழவிக்கு இங்கிலீஷில் எழுதிக் கம்ப்யூட்டருக்குள் வைத்தால், அது வெளியிட்டதாகுமா, ஒளித்து வைத்ததாகுமா?

நிற்க, இது வெறும் வாதமல்ல, வயிற்றுப் பிரச்சினை என்பதற்கு அரியலூரைவிட வேறு உதாரணம் வேண்டாம். அம்மண்ணின் கீழ் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதனால் மேலே சிமிட்டி ஆலைகளும், சுரங்கப் பள்ளங்களும், லாரிகளும், தூசியும் இருக்கின்றன. பெரம்பலூர்ப் பக்கம் கல் குவாரிகள். பெரிய சுரங்கம் தோண்டுவதற்கு முன் ஜனங்களைக் கூட்டி அபிப்பிராயம் கேட்க வேண்டுமென்று 2006ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கை சொல்லுகிறது. முப்பது நாளாவது முன்னால் தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவிக்க வேண்டும். திட்ட அறிக்கையைக் கலெக்டர் ஆபீசிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் பார்க்க வைக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் ஜனங்கள் பேசியதன் சுருக்கத்தை அவர்கள் பாஷையிலேயே படித்துக்காட்ட வேண்டும். அறிக்கையைக் கண்ணால் பாராதவன் அக்கூட்டத்தில் என்ன பேசுவான்? பந்தலில் உட்கார்ந்து, டீ குடித்து, பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவான். பிறகு கிணறு வற்றினால் தலைவிதி என்பான். விதியல்ல, தோழர்களே, படிக்காமல் விட்ட காகிதம்!

அனுமதி கொடுத்த பின்னும் விஷயம் முடிந்துவிடுவதில்லை. விதித்த நிபந்தனைகளை நிறைவேற்றியதாகச் சுரங்கக்காரர் வருஷத்தில் இருமுறை, ஜூன் 1ந் தேதியும் டிசம்பர் 1ந் தேதியும், அறிக்கை கொடுக்க வேண்டும். அது பொதுத் தஸ்தாவேஜு என்று அச்சுற்றுச்சூழல் அறிவிக்கையே திட்டமாய்க் கூறுகிறது. கேட்கிற எவருக்கும் நகல் உண்டு. மேலும் 2015 முதல் சுரங்கக்காரர் ராயல்டியோடு சேர்த்து ஜில்லாக் கனிம நிதிக்கும் பணம் கட்டி வருகிறார்கள். சுரங்கத்தால் கஷ்டப்படும் ஊர்களுக்காகவே ஏற்பட்ட நிதி அது. எவ்வளவு வந்தது, எந்த ஊரில் செலவாயிற்று, பயன் பெற்றவர் யார் என்பதையெல்லாம் வெளியிட வேண்டுமென்பது அதன் விதி. இதை உங்கள் கிராமசபையில் ஒரு தடவையாவது கேட்டதுண்டா?

கேட்கிற முறையைப்பற்றியும் ஒரு வார்த்தை. “சமூகம் ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, ஏழையேன் பாதம் பணிந்து” என்று எழுதுவதை அடியோடு விட்டுவிடுங்கள். ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்கவே அதிகாரிக்கு உரிமையில்லை. எழுதத் தெரியாதவன் வாயால் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர உதவுவதும் அவர் கடமை. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கட்டணமில்லை. உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய விஷயமானால் 48 மணி நேரத்தில் பதில் வேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அதிகாரி தம் கையிலிருந்து அபராதம் கட்ட வேண்டியவராவார். இவ்வளவும் சட்டத்தில் இருக்க, நாம் பாதம் பணிவானேன்?

அதிகாரிகள் எல்லோரும் அயோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. யோக்கியமான அதிகாரிக்குக் காகிதத்தைக் காட்டுவதில் நஷ்டமென்ன? ஒவ்வொரு கிராமத்திலும் படித்த வாலிபர்கள் நாலு பேர் சேர்ந்து, பஞ்சாயத்து ஆபீசுக்கும் தாலூகா கச்சேரிக்கும் நேரில் போய், “4வது பிரிவின்படி வெளியிட்ட பதினேழு விஷயங்கள் எங்கே?” என்று நின்று கேளுங்கள். கிடைத்ததை மரத்தடியில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். இல்லையென்றால் அந்த “இல்லை”யை எழுத்தில் வாங்குங்கள். மனிதன் மனிதனிடம் கணக்குக் கேட்பதில் பயமும் வேண்டாம், பணிவும் வேண்டாம். கேட்பவன் இல்லாத ஊரில்தான் காகிதம் இரகசியமாகிறது.