அரசுக்குக் கணக்கு, ஊருக்கு அல்ல

அரசுக்குக் கணக்குக் காட்டுவது வேறு, ஊருக்கே காட்டுவது வேறு. கோவையில் ஆடிட்டராக இருக்கும் எனக்கு முதலாவதில் எந்தச் சமரசமும் கிடையாது. கிரிப்டோவில் சம்பாதித்தவர் வரி கட்ட வேண்டும். பணம் வந்த வழியை அதிகாரி கேட்டால் சொல்ல வேண்டும். ஆனால் அதற்காக அவருடைய வரவு செலவை உலகமே பார்க்கட்டும் என்று விட்டுவிடும் பிளாக்செயின் வடிவமைப்பை நான் ஏற்கவில்லை.

என்னிடம் கணக்குப் பார்க்கும் இளைஞர் ஒருவர், உறவினரிடம் வாங்கிய கைமாற்றை ஈதர் என்ற கிரிப்டோ நாணயமாகத் திருப்பிக் கொடுத்தார். அனுப்பிய வாலட்டின் முகவரி உறவினருக்குத் தெரிந்துவிட்டது. அதை ஈதர்ஸ்கேன் தளத்தில் போட்டால் மீதி எவ்வளவு இருக்கிறது, எந்த வாலட்டுக்கு எப்போது எவ்வளவு போனது என்பதெல்லாம் வரிசையாக வரும். கடவுச்சொல் எதுவும் வேண்டாம். "இவ்வளவு வைத்துக்கொண்டா என்னிடம் கை நீட்டினாய்?" என்று தொடங்கிய மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. அந்த இளைஞர் ஒரு ரூபாய் வரிகூட மறைத்தவர் அல்ல. கல்யாண வீட்டில் மொய்த் தொகையை மைக்கில் வாசித்தால் பொறுத்துக்கொள்கிறோம். சம்பளத்தையும் ஆஸ்பத்திரி பில்லையும் வாசித்தால் பொறுப்போமா?

இதற்கு மாற்றாக 2019இல் வந்தது டொர்னேடோ கேஷ். பலர் ஒரே அளவான ஈதரைப் பொதுத் தொகுப்பில் போட்டு, பிறகு வேறு வாலட்டில் எடுத்துக்கொள்வார்கள். எது யாருடையது என்று தொடர்புபடுத்துவது கடினம். உக்ரைனுக்கு நன்கொடை அனுப்ப இதைப் பயன்படுத்தியதாக, ஈதர் இயங்கும் எத்தீரியம் பிளாக்செயினை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் பியூட்டரினே சொன்னார். அதே தொகுப்பில் வட கொரியாவின் லாசரஸ் கும்பல் திருடிய பணமும் கலந்தது. 2022 ஆகஸ்டில் அமெரிக்க நிதித்துறை அதற்குத் தடை விதித்தது. டொர்னேடோ கேஷைப் போல யாராலும் மாற்ற முடியாத நிரல் எவருடைய சொத்தும் அல்ல, அதைத் தடை செய்ய பொருளாதாரத் தடைச் சட்டத்தில் இடமில்லை என்று 2024 நவம்பரில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2025 மார்ச்சில் தடை விலகியது. இதற்கிடையே, டொர்னேடோ கேஷை உருவாக்கியவர்களில் ஒருவரான அலெக்சி பெர்ட்செவுக்கு நெதர்லாந்து நீதிமன்றம் 64 மாதச் சிறைத் தண்டனை விதித்திருந்தது.

தனியுரிமையின் பெயரால் எதையுமே கேட்கக் கூடாது என்பவர்களோடும் என்னால் நிற்க முடியாது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ பரிமாற்ற நிறுவனத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ களவு போனது. அந்தப் பணமும் டொர்னேடோ கேஷ் வழியாகத்தான் கரைந்தது. அந்தக் களவுக்குப் பின் நாணயங்கள் முடங்கிப்போன ஒருவரின் வழக்கில்தான், கிரிப்டோவும் சொத்தே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்னது. சொத்து என்றால் திருடனிடமிருந்தும் காக்க வேண்டும், வேடிக்கை பார்ப்பவர்களிடமிருந்தும் காக்க வேண்டும்.

இந்த இரண்டு பாதுகாப்பும் சேர்ந்தே சாத்தியம் என்று பியூட்டரினும் வேறு நால்வரும் 2023இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள். அந்த வழியில் அமைந்த பிரைவசி பூல்ஸ் 2025 மார்ச் இறுதியில் எத்தீரியத்தில் இயங்கத் தொடங்கியது. இதிலும் பொதுத் தொகுப்பு உண்டு. ஆனால் பணம் எடுப்பவர், தன் பணம் களவோடு தொடர்பில்லாதவை என்று ஏற்கப்பட்ட டெபாசிட்டுகளின் பட்டியலில் உள்ள ஒன்றிலிருந்து வந்தது என நிரூபிக்க வேண்டும். அது எந்த டெபாசிட் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப் என்ற கணித முறை இதைச் செய்கிறது. பட்டியலில் இடம் கிடைக்காதவரின் பணம் பறிபோகாது; போட்ட வாலட்டுக்கே எல்லோரும் பார்க்கத் திரும்பும்.

அந்தப் பட்டியலை எழுதுவது யார் என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி. இன்று ஒரு தனியார் நிறுவனம் எழுதுகிறது. தவறாக ஒருவரை விலக்கினால் அவர் எங்கே முறையிடுவார்? களவு வெளியே தெரிவதற்குள் திருடன் பட்டியலில் நுழைந்துவிட்டால்? கணிதம் இதற்குப் பதில் சொல்லாது. விதிகள்தான் சொல்ல வேண்டும்.

விதி எழுத நமக்கு முன்னுதாரணம் உண்டு. வருமான வரிப் படிவத்தின் விடிஏ (மெய்நிகர் டிஜிட்டல் சொத்து) அட்டவணை முக்கியமாகக் கேட்பவை: வாங்கிய நாள், விற்ற நாள், வாங்கிய விலை, விற்ற தொகை. வரி போட இவை போதும் என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2023 மார்ச் முதல் கிரிப்டோ பரிமாற்ற நிறுவனங்கள் சட்டவிரோதப் பணப் பரிவர்த்தனைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வாடிக்கையாளர் யார் என்று அவை அறிந்தே ஆக வேண்டும். பணம் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஆள் அடையாளம் இருக்கும்போது, நடுவழி முழுவதையும் வெட்டவெளியில் வைக்க என்ன அவசியம்?

ஆகவே சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்களைக் கண்காணிக்கும் நிதிப் புலனாய்வுப் பிரிவு, பிரைவசி பூல்ஸ் தருவது போன்ற சான்றுகளை ஏற்கலாம் என்று விதியில் எழுத வேண்டும். பட்டியல் தயாரிப்பவர், ஒருவரை விலக்கினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீட்டுக்குக் காலவரம்பு வேண்டும். வடிவமைப்பாளர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பெயரையோ ஆதார் எண்ணையோ பிளாக்செயினில் எழுதவே கூடாது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், நம் விவரங்களை நீக்கச் சொல்லும் உரிமை இடம்பெற்றிருக்கிறது. பிளாக்செயினோ எழுதியதை அழிக்காது. கேட்கும் உரிமை உள்ளவர் கேட்டால் பதில் கிடைக்க வேண்டும், மற்றவர் கண்ணில் எதுவும் படக் கூடாது. இதைச் செய்யும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. இனி தாமதிப்பதற்கு அரசிடம் நியாயமான காரணம் இல்லை.