மதுரையை விடப் பக்கம்



சென்னை மீனம்பாக்கத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் மதுரை விமான நிலையம் சுமார் 415 கிலோமீட்டர்; கோவை சுமார் 400. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமோ ஏறக்குறைய 355 கிலோமீட்டர்தான், அதுவும் நேர் தெற்கே. ஆனாலும் நம் மனக்கணக்கில் மதுரை பக்கத்து ஊர், யாழ்ப்பாணம் வெகுதொலைவு.

முன்பு அப்படி இருக்கவில்லை. ஏர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பர் 10 அன்று தொடங்கிய முதல் சேவையே கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத்தான். டகோட்டா விமானம் நடுவே பலாலியில் இறங்கி ஏறியது. பிறகு இலங்கையில் உள்நாட்டுப் போர் வந்தது. பலாலியைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் 1990-இல் வீடுவாசலை விட்டுப் பெயர்ந்தார்கள். விமானத்தளம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டது.

போர் முடிந்து பத்தாண்டுகள் வரை சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவுக்குத்தான் பறந்தார்கள். போக வேண்டிய ஊரைத் தாண்டித் தெற்கே போய் இறங்கி, பஸ்ஸிலோ வேனிலோ வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று மறுபடி வடக்கே வர ஏழெட்டு மணி நேரம். கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் பெரும்பாலோருக்கு இதுதான் வழி.

2019 அக்டோபர் 17-இல் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. கொரோனாவால் நின்ற சேவை 2022 டிசம்பர் 12-இல் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்தது. 2025-இல் திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் கிடைத்தது. ஓடுவது ஏ.டி.ஆர். 72 என்ற புரொப்பெல்லர் விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணிக்குள் கடந்துவிடக்கூடிய தூரம்தான். மேலே ஏறவும் கீழே இறங்கவும் ஓடுபாதையில் ஊரவும் ஆகிற நேரத்தையும் சேர்த்து ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மணி ஆகிறது.

இத்தனை ஆண்டுகளிலும் அந்த 355 கிலோமீட்டர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு நாள் பயணம் ஒன்றரை மணியாகச் சுருங்கியது, இரண்டு அரசுகள் ஒரு கதவைத் திறக்க மனம் வைத்ததால். திறந்த கதவு தானாகத் திறந்தே இருக்காது. போகிறவர்களும் வருகிறவர்களும் இருந்தால்தான் சேவை நிலைக்கும்.

கட்டணம் இன்னும் குறைய வேண்டும். சிகிச்சைக்காகச் சென்னை வருகிற குடும்பத்துக்கும், யாழ்ப்பாணத்தில் பெண் கொடுத்த வீட்டாருக்கும் இது கைக்கெட்டுகிற பயணமாக வேண்டும். ஓடுபாதை நீண்டு பெரிய விமானங்கள் இறங்க வேண்டும். அந்த வளர்ச்சி, நிலம் திரும்பக் கிடைக்கக் காத்திருக்கும் வலிகாமம் மக்களின் உரிமையைத் தொடாமல் நடக்க வேண்டும்.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த விடுமுறைக்கு ஊர்களை யோசிக்கும்போது யாழ்ப்பாணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் போகலாம். பனங்காய் பழுக்கும் பருவத்தில் போகலாம். அங்கிருந்து வாசிக்கிறவர்கள் இங்கே வாருங்கள். போய் வந்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் கடிதங்களுக்கு வரும் இதழ்களில் இடம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்